‘மறுப்பு’ என்ற ஒரே மரக்கால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் டெல்டா பக்கங்களில் ‘மறுப்பு’ என்று முடியும் தலைப்பு இல்லாத நாள் அபூர்வம். ‘தண்ணீர் திறக்க மறுப்பு’, ‘லஞ்சப் புகார்: அதிகாரி மறுப்பு’, ‘ஈர நெல்லை எடுக்க மறுப்பு’, ‘பத்திரம் பதிய மறுப்பு’, ‘கருத்துக் கூற மறுப்பு’. சொல் ஒன்றுதான், நடந்தது ஐந்து விதம். இதே செய்திகள் ஆங்கிலத்தில் வரும்போது ரிஃப்யூஸ், டினை, ரிஜெக்ட், டிக்ளைன் என்று வேறு வேறு வினைகளோடு வருகின்றன. மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்ததும் குறுவை, சம்பா, உளுந்து எல்லாவற்றையும் ஒரே மரக்காலில் கொட்டி அளந்துவிடுகிறார்கள். அவற்றில் முதலாவதான ரிஃப்யூஸ் என்ற வினையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், மற்றவை எங்கே விலகுகின்றன என்பது தானாகத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். சற்று நீளும், பொறுத்தருள்க.

ரிஃப்யூஸ் என்று எழுத மூன்று சங்கதி வேண்டும். ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும், கொடுக்க வந்திருக்க வேண்டும், அல்லது செய்யச் சொல்லியிருக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே அவர் ‘முடியாது’ அல்லது ‘வேண்டாம்’ என்றிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த வினை நிற்காது. கேட்காததை ஒருவர் ரிஃப்யூஸ் செய்ய முடியாது. கேட்டும் பதிலே வராமல் கோப்பு மேசையில் தூங்கினால் அதுவும் ரிஃப்யூஸ் ஆகாது, தாமதம்தான். குற்றச்சாட்டுக்கு ‘நான் செய்யவில்லை’ என்பது டினை. அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. நடந்ததா இல்லையா என்பதுதான் பேச்சு. பத்துப் பொருளைப் பரிசோதித்து இரண்டை ஒதுக்கினால் ரிஜெக்ட். கல்யாணப் பத்திரிகை வைத்தவரிடம் ‘அன்றைக்கு வேறு விசேஷம் இருக்கிறதே’ என்று நழுவினால் டிக்ளைன்.

பிறப்பைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். டிக்ளைன் லத்தீனில் ‘சாய்ந்து விலகுதல்’. அதன் வேரான ‘சாய்தல்’ என்பதுதான் சமஸ்கிருதத்தில் ‘ச்ரி’ ஆகி, ஒருவர்மேல் சாய்ந்திருப்பதைச் சொல்லும் ஆசிரயம் என்ற சொல்லாக நம்மிடம் வந்திருக்கிறது. ஒன்றில் சாய்ந்து பற்றுகிறோம், மற்றதில் சாய்ந்து நழுவுகிறோம். ரிஜெக்ட் என்றால் ‘திருப்பி எறிதல்’. உடம்புக்குள் செலுத்தும் இன்ஜெக்‌ஷனிலும் அதே எறிதல்தான் இருக்கிறது. டினை என்பதன் நடுவில் நிற்பது ‘ந’ என்ற பழைய இன்மை ஒலி. நாத்திகத்தின் முதலெழுத்தும் அதுவே.

ரிஃப்யூஸ் இவற்றைவிடச் சுவையானது. 1300-களில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். பிரெஞ்சில் ரெஃப்யூஸே, அதற்குப் பின்னால் பேச்சு லத்தீனில் ரெஃபூசாரே என்று ஒரு வடிவம் இருந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் துணிபு. அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ‘ஊற்று, வார்’ என்ற பொருளுடைய ஃபுந்தெரெ என்ற வினையோடு ‘திரும்ப’ என்ற ‘ரெ’ சேர்ந்து ‘திருப்பி ஊற்றுதல்’ என்று பிறந்ததாகச் சொல்கிறது. மற்றது, எதிர்வாதம் சொல்லி விலகுதல் என்ற ரெகுசாரேயும், வாதத்தில் விரட்டியடித்தல் என்ற ரெஃபுதாரேயும் பேச்சில் ஒன்றோடொன்று மயங்கி இந்த உருவம் விளைந்ததாகச் சொல்கிறது. நீதிபதி ஒரு வழக்கிலிருந்து தாமே விலகுவதை ஆங்கிலத்தில் ரெக்யூஸ் என்கிறார்களே, அது அந்த ரெகுசாரேயின் நேர் வாரிசு.

முதல் கட்சி சரியென்று வைத்துக்கொண்டால், காவிரிக் கரைக்காரர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். நமக்குக் கொடுப்பது என்றாலே ஊற்றுவதுதான். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிறோம். நிலத்தையும் தாரை வார்த்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நீர் அட்டிக் கொடுத்தல்’ என்று வருவது இதுதான். அட்டுதல் என்றால் ஊற்றுதல். கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு நீர் ஒழுகினால் கொடை முடிந்தது. அந்த நீரை வாங்காமல் கொடுத்தவர் செம்பிலேயே கவிழ்த்தால் என்னவோ, அதுதான் ரிஃப்யூஸ்.

ஃபுந்தெரெயின் பிள்ளைகள் நம் ஊர் முழுக்க இருக்கிறார்கள். சுவாமிமலைப் பட்டறைகளில் காவிரி வண்டல் மண்ணில் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை வார்க்கிறார்களே, அந்த மாதிரி வார்ப்படச் சாலைக்கு ஆங்கிலப் பெயரான ஃபவுண்டரி இந்த வேரில் வந்தது. மோட்டார் கொட்டகையில் ‘ஃபியூஸ் போயிடுச்சு’ என்கிறோம். மிகைமின்சாரம் பாய்ந்ததும் உருகி ஓடும் கம்பி என்பதால் அந்தப் பெயர். ரத்தம் ஏற்றும் டிரான்ஸ்ஃபியூஷன், ஒன்றோடொன்று ஊற்றிக் கலக்கிவிட்ட கன்ஃபியூஷன், கொடுத்த பணத்தைத் திருப்பி வார்க்கும் ரீஃபண்ட் எல்லாம் சகோதரர்கள். இந்தக் குடும்பத்தின் மூதாதை வேர் சமஸ்கிருதத்தில் ‘ஹு’. நெருப்பில் நெய் வார்ப்பது ஹோமம், வார்த்த பொருள் ஆகுதி. கும்பகோணத்தில் ஹோமம் வளர்ப்பவரும், லண்டனில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புபவரும் தூரத்துப் பங்காளிச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். இதை வைத்துக்கொண்டு ஆங்கிலமே இங்கிருந்து போனதுதான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரே தலைமடையிலிருந்து பிரிந்த இரண்டு வாய்க்கால் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பிரெஞ்சுக்காரர் சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர் எப்படி மறுத்தார்கள் என்றால், இன்று ‘கைவிடு’ என்ற பொருளில் நிற்கும் ஃபர்சேக் அன்று ‘மறு’ என்ற பொருளில் ஓடியது. நில் என்று ஒரு குட்டி வினையும் இருந்தது: வில் என்றால் விரும்பு, நில் என்றால் விரும்பாதே இரு. வில்லி நில்லி என்ற தொடரில் மட்டும் அது இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வினைக்குள்ளேயே இன்மையைப் பொதிந்து வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. ‘செய்யமாட்டேன்’ என்ற பொருளில் வரும் ‘செய்யேன்’ என்ற சொல்லைப் பிரித்தால் செய், ஏன் என்று இரண்டுதான் கிடைக்கும். இல்லை என்று காட்ட அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. உறுப்பே இல்லாமல் மறுக்கிற அந்தச் சிக்கனம் வேறெங்கும் சுலபத்தில் பார்க்கக் கிடைக்காது.

நம் ‘மறு’வும் ஏழைச் சொல் அல்ல. மறுநாள், மறுபடி, மறுமொழி, அறுத்த தூரிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு, இவற்றில் அது ‘அடுத்தது, மீண்டும், திரும்ப’. மறுத்தான் என்னும்போது ‘இல்லை என்றான்’. லத்தீன் ‘ரெ’வும் இதேபோல ‘மீண்டும்’, ‘திரும்ப’ என்று இரண்டு வேலை பார்க்கிறது. குறை சொல்லில் இல்லை, எல்லாவற்றுக்கும் அதையே கூப்பிடுவதில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே எத்தனை சொல் சும்மா நிற்கின்றன! நிராகரி, தள்ளு, கழி, ஒதுக்கு, தட்டிக்கழி, கைவிரி, இல்லையென்று சொல், ஒப்புக்கொள்ளாதே, மறுதலி. கடைசிச் சொல் விவிலியத் தமிழில் ஆழமாக நிலைத்தது. சேவல் கூவுமுன் பேதுரு மூன்று தரம் செய்தது மறுதலித்தல். அவரை யாரும் எதையும் கேட்கவில்லை. ‘நீ அவரோடு இருந்தவன்தானே’ என்றார்கள், ‘தெரியாது’ என்றார். சுத்தமான டினை. புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி வந்தது தரங்கம்பாடியில். அந்த மண்ணின் பத்திரிகை ஒன்று மறுதலியை மறந்துபோவது கொஞ்சம் வருத்தம்தான்.

இனி வயலுக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுப்பதில்லை. மழைக்காலத்தில் அரசு தளர்த்தினால் வரம்பு ஏறும். மீட்டர் வைத்துப் பார்த்து, கருக்காய், பதர், மண் பார்த்து ஒதுக்குகிறார்கள். இது ரிஜெக்ட். விவசாயி சொல்வதும் ‘நெல்லைக் கழிச்சுட்டாங்க’ அல்லது ‘தள்ளிட்டாங்க’ என்றுதான். ஆனால் அளவுக்குள் காய்ந்த நெல்லைக் கொண்டுவந்தவரிடம் ‘சாக்கு இல்லை, அடுத்த வாரம் வா’ என்றால் அது கைவிரிப்பு. ‘உன் நெல்லை எடுக்க முடியாது, போ’ என்றால் அதுதான் ரிஃப்யூஸ். மூன்றுக்கும் நிவாரணம் வேறு. முதலாவதுக்குக் களத்தில் இன்னொரு காய்ச்சல் போட வேண்டும். இரண்டாவதுக்கு மண்டல அலுவலகத்தில் சாக்கு கேட்க வேண்டும். மூன்றாவதுக்கு அதிகாரியிடம் புகார் கொடுக்க வேண்டும். தலைப்பு மூன்றையும் ‘கொள்முதல் செய்ய மறுப்பு’ என்று அடித்துவிட்டால், படிப்பவருக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியாது.

இங்கே ஒரு சின்ன அதிசயம். கழித்ததுதான் கழிவு. ஆங்கிலத்திலும் ரிஃப்யூஸ் செய்யப்பட்டதுதான் ரெஃப்யூஸ், அதாவது குப்பை. எழுத்து ஒன்றே, உச்சரிப்பு வேறு. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், கடைசி ஒலி வண்டு இரைவதுபோல அதிரும். பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசைக்கு ஏறும், கடைசி ஒலி அதிராமல் வெறும் ‘ஸ்’ஸாகச் சீறும். ரெக்கார்டு, பெர்மிட், ப்ராஜெக்ட் போன்றவற்றிலும் பெயர், வினை மாற இதே அழுத்த மாற்றம் உண்டு. தமிழெழுத்தில் அந்த அதிர்வைக் காட்ட வழியில்லாததால் பள்ளியில் இரண்டையும் ஒன்றாகவே படித்துவிடுகிறார்கள். பிறகு நேர்முகத் தேர்வில் ‘நான் அந்த வேலையைக் குப்பை’ என்கிற மாதிரி ஒலித்துவிடுகிறது.

பள்ளி என்றதும் மாணவர் செய்யும் பிழைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை தங்கள் மேசையில் நடக்கும் பிழையின் மறுபக்கம். ‘பணத்தை எடுத்ததை அவன் மறுத்தான்’ என்பதை மாணவர் ‘ஹி ரிஃப்யூஸ்டு தட் ஹி டுக் த மணி’ என்று எழுதுகிறார். தவறு. ரிஃப்யூஸுக்குப் பின்னால் ‘தட்’ வராது. அங்கே டினைடு வர வேண்டும். ‘அவன் வர மறுத்தான்’ என்பதை ‘ஹி டினைடு டு கம்’ என்கிறார். அதுவும் தவறு. செயலைச் செய்ய மறுக்கும்போது ரிஃப்யூஸ்டு டு கம். ‘ரிஜெக்டட் டு பே’ என்பது மூன்றாவது பிழை. ரிஜெக்ட் ஒரு பெயர்ச்சொல்லைத்தான் பிடிக்கும், ‘டு’வோடு சேராது. நினைவில் வைக்க வழி: இனிமேல் செய்ய வேண்டியதற்கு ரிஃப்யூஸ், ஏற்கெனவே நடந்ததாகச் சொல்லப்படுவதற்கு டினை, கையில் வந்து எடைபோடப்பட்ட பொருளுக்கோ மனுவுக்கோ ரிஜெக்ட். ஒரு விலக்கு உண்டு. ஒருவருக்கு உரிமையோ அனுமதியோ கிடைக்காமல் செய்வதற்கு ரிஃப்யூஸ், டினை இரண்டும் வரும். ஆனால் கேட்டவருக்கு இல்லையென்றால் ரிஃப்யூஸ். கேட்காமலேயே காலங்காலமாகக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தாலும் டினை. இந்த மூன்று பிழைக்கும் காரணம் ஒன்றே. மாணவர் மனத்தில் மூன்றுக்கும் ‘மறு’ என்ற ஒரே பெயர் ஒட்டியிருக்கிறது.

‘கடைமடைக்குத் தண்ணீர் மறுப்பு’ என்று போடுவது ஆங்கில டினையின் அந்த இரண்டாம் பொருளை இழுத்து வருவது. கடைமடையில் பெரும்பாலும் யாரும் யாரிடமும் ‘தரமாட்டேன்’ என்று சொல்வதில்லை. வாய்க்கால் மேடிட்டிருக்கும், ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கும், ஷட்டர் பழுதாகியிருக்கும், மேல்மடைக்காரர் முறையைத் தாண்டிப் பாய்ச்சியிருப்பார். ‘தண்ணீர் எட்டவில்லை’ என்று எழுதினால் ‘ஏன் எட்டவில்லை’ என்ற அடுத்த வரியை நிருபர் எழுதியே ஆக வேண்டும். ‘மறுப்பு’ என்று எழுதினால் அந்த வரி தேவையில்லாததுபோல் ஆகிவிடுகிறது.

மாநிலங்களுக்கு இடையிலான செய்தியிலும் இதே கதி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன 192 டி.எம்.சி.யைக் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) குறைத்து, கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்குக் கிடைக்க வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தது. மாதவாரிக் கணக்கும் உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று போகும். ஆக, ‘தண்ணீர் தர மறுப்பு’ என்றால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கேட்கப்பட்டது, அதில் எவ்வளவுக்கு இல்லையென்றார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அணையில் இருப்பு போதாது என்று ஒழுங்காற்றுக் குழுவில் வாதிடுவது இயலாமையைச் சொல்வது; அது உண்மையா பொய்யா என்பது வேறு பேச்சு. மேலாண்மை ஆணையம் உத்தரவிட்ட பின்னும் ‘திறக்க முடியாது’ என்பது ரிஃப்யூஸ். ‘நாங்கள் உத்தரவை மீறவில்லை’ என்பது டினை. மனுவை நீதிமன்றம் ஏற்காதது தள்ளுபடி. நான்கும் ஒரே வாரத்தில் வரக்கூடியவை. நான்குக்கும் ‘மறுப்பு’ போட்டால், திருவாரூரில் டீக்கடைப் பெஞ்சில் படிப்பவர் மூன்றாம் நாள் குழம்பித்தான் போவார்.

தள்ளுபடி என்றேன். அந்தச் சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது சந்தோஷச் செய்தி. ஒருவரின் ‘கடன் மனு தள்ளுபடி’ துக்கச் செய்தி. நடுவில் இருப்பது இரண்டெழுத்து. இடம் போதாமல் தலைப்பில் ‘மனு’வை வெட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். கடன் விண்ணப்பத்துக்கு ‘நிராகரிப்பு’ என்றே எழுதிவிடுவது பத்திரம்.

சட்டச் செய்திகளில் இந்தக் குழப்பம் பணத்தையும் நாளையும் தின்றுவிடும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதிக்கொடுத்தவர் சார்பதிவாளர் முன்னால் ‘இது நான் எழுதிக்கொடுத்ததல்ல’ என்றால் அது டினை, 35-ஆம் பிரிவில் வருகிறது. அதைக் காரணமாக வைத்து சார்பதிவாளர் பதியாமல் விடுவது ரிஃப்யூஸ். சட்டம் இரண்டு சொல்லை அருகருகே, தெளிவாகப் பிரித்து ஆள்கிறது. தமிழில் ‘மறுத்ததால் மறுப்பு’ என்று வந்தால் யார் எதை மறுத்தார் என்று புரியாது. ‘எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளாததால் பதிவு மறுக்கப்பட்டது’ என்று எழுதலாம். பதிவை மறுத்தால் 71-ஆம் பிரிவின்படி சார்பதிவாளர் காரணத்தை இரண்டாம் எண் புத்தகத்தில் எழுத வேண்டும், பத்திரத்தில் ‘பதிவு மறுக்கப்பட்டது’ என்று குறிப்பும் போட வேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால் மேல்முறையீட்டுக்குப் பிடிமானம் இல்லை. எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒப்புக்கொள்ளாமை தவிர்த்த வேறு காரணமென்றால் 72-ஆம் பிரிவில் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு. ஒப்புக்கொள்ளாமையே காரணமென்றால் 73-ஆம் பிரிவில் விண்ணப்பம். இரண்டுக்கும் 30 நாள்தான் கெடு. அங்கேயும் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் 77-ஆம் பிரிவில் உரிமையியல் வழக்கு. எந்தக் கதவைத் தட்டுவது என்பதையே இந்த ஒரு சொல் வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

உரிமையியல் வழக்கில் பதிலுரை எழுதும்போதும் கவனம் வேண்டும். வாதி சொன்ன ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக மறுதலிக்க வேண்டும். மொத்தமாக ‘எல்லாம் பொய்’ என்றால் செல்லாது. ‘50,000 ரூபாய் வாங்கினார்’ என்ற குற்றச்சாட்டுக்கு ‘50,000 வாங்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் நழுவலான பதிலாகும். அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையுமோ வாங்கவில்லை என்று எழுத வேண்டும், அல்லது எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளை, 3 முதல் 5 வரையுள்ள விதிகள் இதைத்தான் சொல்கின்றன. குறிப்பாக மறுதலிக்காததை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

தபாலில் வரும் நோட்டீஸ் இதற்கு நேர்மாறு. அங்கே ரிஃப்யூஸ் செய்தவருக்குத்தான் நஷ்டம். வக்கீல் நோட்டீஸை வாங்காமல் திருப்பிவிட்டால் தப்பித்தோம் என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனது வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பினால், சேர்ந்ததாகவே அனுமானிக்க 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. சம்மனுக்கும் அப்படியே. அனுப்பியவர் செய்ய வேண்டியது ஒன்று: திரும்பி வந்த உறையைப் பிரிக்கக் கூடாது. தபால்காரர் தேதியோடு எழுதிய ‘மறுத்தார்’ என்ற குறிப்போடு அப்படியே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ‘வீடு பூட்டியிருக்கிறது’, ‘ஊரில் இல்லை’ என்ற குறிப்புகள் வேறு ரகம். செய்தியில் அவற்றையும் ‘நோட்டீஸை வாங்க மறுப்பு’ என்று எழுதினால் சம்பந்தப்பட்டவர்மேல் இல்லாத பழி விழும்.

பழி என்றால், ‘கருத்துக் கூற மறுத்துவிட்டார்’ என்ற வாடிக்கை வாக்கியத்தை விட்டுவிட முடியாது. ஆங்கில மூலத்தில் பெரும்பாலும் டிக்ளைன்ட். மரியாதையாக விலகினார் என்று பொருள். தமிழில் ‘மறுத்துவிட்டார்’ என்றதும் ஏதோ மறைக்கிறார் என்று தொனிக்கிறது. ‘கருத்து எதுவும் கூற விரும்பவில்லை’ போதும். போனையே எடுக்காதவருக்கு இது எதுவுமே பொருந்தாது. ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும்.

மரியாதையாக விலகுவதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடை எட்டு வகை என்று நன்னூல் சொல்வதைப் பள்ளியில் படிக்கிறோம். அதில் நேராக ‘இல்லை’ என்பது மறை ஒன்றுதான். ‘உங்க நடவு ஆளை நாளைக்கு எங்க வயலுக்கு அனுப்புவீங்களா அண்ணே?’ என்று பங்காளி கேட்கிறார் என்று வையுங்கள். ‘அனுப்பமாட்டேன்’ என்றால் மறை. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘நீயே வேற ஆளு பாரேன் தம்பி’ என்றால் ஏவல். ‘அனுப்பிட்டு நான் என்ன பண்றது?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘எங்க வயலுக்கே இன்னிக்கு ஆளு வரலை’, உற்றது உரைத்தல். ‘ஒரு நாள் தள்ளுனா எங்க நாத்து முத்திப்போயிடும்’, உறுவது கூறல். ‘வேணும்னா டிராக்டரை ஓட்டிக்கிட்டுப் போ’, இனமொழி. ஐந்தும் காரியத்தில் ‘இல்லை’தான்; ஒன்றிலும் உறவு முறியவில்லை. சம்பந்தம் பேசும்போது ‘ஜாதகம் பொருந்தலை’ என்பதும் உற்றது உரைத்தலில் சேர்த்தி. எத்தனை ஜாதகம் நிஜமாகவே பொருந்தவில்லை என்பது ஜோசியருக்கே வெளிச்சம். இப்படிப் பேசிய ஒரு தலைவரைப் பற்றி ‘கூட்டணிக்கு மறுப்பு’ என்று தலைப்புப் போட்டால், அவர் காலையில் ‘நான் எங்கே மறுத்தேன்?’ என்று கேட்பது நியாயம்தானே.

‘மாட்டேன்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. பழைய வழக்கில் அது இயலாமை. ‘நடக்கமாட்டாத கிழவர்’ என்றால் நடக்க முடியாதவர். நடக்கப் பிடிவாதமாக மறுப்பவர் அல்ல. இன்று ‘வரமாட்டேன்’ விருப்பமின்மை ஆகிவிட்டது. ஆனால் உயிரில்லாதவற்றிடம் பழைய பொருள் இன்னும் இருக்கிறது: ‘மோட்டார் ஓடமாட்டேங்குது’. ஆங்கிலத்திலும் எந்திரத்துக்கு ரிஃப்யூஸ் போடுவார்கள். கொள்ளிடத்தில் பாலத்துக்குத் தூண் அடிக்கும்போது சுத்தியல் எவ்வளவு அடித்தும் தூண் இறங்காத நிலைக்குப் பொறியாளர் வைத்த பெயரே ரிஃப்யூசல். அதே இடத்தில் நிற்கும் தொழிலாளி ‘பைல் இறங்கமாட்டேங்குது’ என்பார். மிகச் சரியான மொழிபெயர்ப்பு, அகராதி பார்க்காமல் வந்தது. ‘இன்ஜின் இயங்க மறுத்தது’ என்று எழுதும் துணையாசிரியர் அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து வரலாம்.

கடைசியாக, நில விற்பனைச் செய்திகளில் எட்டிப்பார்க்கும் ‘முதல் மறுப்பு உரிமை’. ஆங்கிலத் தொடரை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தது. அந்த உரிமை உள்ளவர் மறுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சொத்தை வெளியாளுக்கு விற்குமுன் அவரிடம் முதலில் கேட்க வேண்டும், அவர் வேண்டாமென்ற பிறகே அடுத்தவரிடம் போகலாம் என்பதுதான் சங்கதி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உடன்வாரிசுகளுக்குத் தருவது இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் உரிமை. ‘முதலில் வாங்கும் உரிமை’ என்று எழுதினால் போதும். மரபான ‘முன்வாங்குரிமை’யும் இருக்கிறது. ‘மறுப்பு உரிமை’ என்று படித்துவிட்டு, அண்ணன் தன் பங்கை விற்பதையே தடுத்துவிடலாம் என்று தம்பி நினைத்து வக்கீல் வீட்டுப் படியேறினால், அந்த பீஸ் தங்கள் கணக்கில்தான் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்களும் ஆவண எழுத்தர்களும் சிலர்,
கும்பகோணம்